போல்ட் – அதே

ரேஸ் கார் எஞ்சின் ஒன்று பயிற்சி ஓட்டத்தில் சிதறியது. வேலை சரியில்லை என்றார் வாடிக்கையாளர். ஓட்டியது சரியில்லை என்றது பட்டறை. மெக்கானிக்கின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த இரண்டெழுத்துச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ரூ. 3,85,000 தொங்கியது.

எஞ்சின் உயிரை விட்டது பதினோராவது சுற்றில். 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பயிற்சி ஓட்டம், பந்தயம்கூட இல்லை. நேர்பாதையின் கடைசியில் பிரேக்கை மிதித்து கியரைக் குறைத்தபோது அடியில் சம்மட்டியால் அடித்தது போல் ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைப் புகை, தடத்தில் எண்ணெய்க் கோடு. மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் உடைந்து, பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

காரின் சொந்தக்காரர் பெங்களூரில் சிறிய அச்சகம் வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது, கன்னடக்காரர். ஆண்டுக்கு நான்கைந்து முறை காரை லாரியில் ஏற்றிக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போவது அவருடைய ஒரே ஆடம்பரம். கார் பழைய மாருதி எஸ்டீம். 2007-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் 1,298 சி.சி. எஞ்சினும் எடை குறைந்த உடலும் கொண்ட அந்தக் காருக்குப் பந்தய ஆர்வலர்களிடம் இன்னும் மவுசு உண்டு. எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்யக் கோவையில் உள்ள ஒரு பட்டறையிடம் கொடுத்திருந்தார். மொத்தம் ரூ. 3,85,000: உதிரி பாகங்களுக்கு 1,62,000, கடைசல் வேலைக்கு 68,000, கூலி 95,000, டியூனிங்குக்கு 60,000. இதில் 3,15,000 கொடுத்தாகிவிட்டது. பாக்கி 70,000.

எஞ்சின் போன பிறகு பாக்கியைக் கொடுக்க அவர் மறுத்தார். பட்டறையில் அவருடைய உபரி கியர்பாக்ஸ் ஒன்று வேலைக்காகக் கிடந்தது. பாக்கி வந்தால்தான் அது வெளியே போகும் என்றார் பட்டறைக்காரர். இரண்டு மாதம் போனில் சண்டை. மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ்.

இந்தக் கதைக்குள் நான் வந்தது ரேஸ் கார் பற்றிய ஞானத்தால் அல்ல. எனக்கு அது கிடையாது. வாடிக்கையாளரின் வக்கீலுக்கு 14 பக்கத் தமிழ்க் கையெழுத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. இரு தரப்பும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்பது இருவரும் ஒத்துப்போன வெகு சில விஷயங்களில் ஒன்று.

கைப்பழக்கமும் வாய்ச்சொல்லும்

பந்தய எஞ்சினுக்கு பெங்களூர்க்காரர் கோவைக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. பஞ்சாலைகளும் பம்ப்செட்டும் வார்ப்படக் கூடங்களும் வளர்த்த ஊர் அது. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே இரும்பைக் கண்டு பயப்படாத ஊர். ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேதான் உருவாக்கினார். இறக்குமதிக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அந்த 'ஃபார்முலா மாருதி' ஒரு பள்ளிக்கூடம். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டிப் பழகியவர். 1997-இல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த மரபில் வந்த சிறு பட்டறைகள் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு முதலாளி, இரண்டு மூன்று மெக்கானிக்குகள், பக்கத்துத் தெருவில் ஒரு லேத். கம்பெனி ஷோரூமில் தருவதைப் போன்ற அச்சடித்த ஜாப் கார்டு அநேகமாக இருக்காது. எஸ்டிமேட் ஒரு துண்டுத் தாளில் இருக்கும், மிச்சமெல்லாம் போனில். வாடிக்கையாளர் நண்பராகிவிடுவார். 'அண்ணா' என்பார். அண்ணனிடம் ரசீது கேட்பது மரியாதையாக இருக்காது. வேலை நன்றாக அமைந்துவிட்டால் இதில் ஒரு குறையும் தெரியாது.

சாதாரண காரில் பிழைத்துப் போகக்கூடிய தவறு பந்தயக் காரில் பிழைக்காது. காரணம் எளிய கணக்கு. 7,500 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 250 முறை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு திரும்பலிலும் அதைப் பிடித்து இழுப்பது கனெக்டிங் ராட். ராடின் அடிப்பாகத்தை கிராங்க் ஷாஃப்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். இந்த இழுவிசை சுற்று வேகத்தின் இருபடி விகிதத்தில் ஏறும். 6,000 சுற்றில் ஓடியதை 7,500-க்கு உயர்த்தினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; போல்ட்டின் மீதான பாரமோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு ஸ்பிரிங்கைப் போல மயிரிழை நீளுகிறது. அந்த நீட்சிதான் பிடிமானம். ஒருமுறை அளவுக்கு மீறி நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. மறுபடி இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், பிடிமானம் குறைந்திருக்கும். எனவேதான் பந்தய எஞ்சினைப் பிரித்தால் ராட் போல்ட்டைப் புதிதாகப் போடுவது நல்ல பட்டறைகளின் வழக்கம். பழையதையே போடுவதானால் மைக்ரோமீட்டரில் நீளம் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

வாடிக்கையாளரின் குற்றச்சாட்டு இதுதான்: போல்ட் பழையது, அல்லது இறுக்கியது சரியில்லை. பட்டறையின் பதில்: ராட் சம்பந்தப்பட்ட அத்தனையும் புதுசு, ஓட்டியவர் கியரைத் தவறாகப் போட்டுவிட்டார். நான்காவதுக்குப் போக வேண்டியவர் இரண்டாவதில் போட்டால் சக்கரமே எஞ்சினை இழுத்துச் சுழற்றும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைத்தான் நிறுத்த முடியும். சக்கரம் இழுப்பதை அதால் தடுக்க முடியாது. எப்பேர்ப்பட்ட போல்ட்டும் அங்கே தாங்காது.

இரண்டும் நடக்கக்கூடியவையே. காரில் வேகத்தைப் பதிவு செய்யும் லாகர் கருவி இல்லை. ஓட்டுநரின் வலது பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இடது பக்கமும் இல்லை.

நோட்டில் இருந்த சொல்

நோட்டீசுக்குப் பதில் அனுப்பும்போது பட்டறைக்காரர் ஒரு காரியம் செய்தார். தன் நேர்மையைக் காட்ட, தலைமை மெக்கானிக் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினார். அந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்புவரை படித்தவர். அவர் கையில் வந்த ஒவ்வொரு எஞ்சினுக்கும் நோட்டில் பக்கம் உண்டு. கிராங்க் ஜர்னல் அளவுகள், பேரிங் இடைவெளிகள் எல்லாம் தவ் கணக்கில் (ஆயிரத்தில் ஓர் அங்குலம்) பால்பாயிண்ட் பேனாவில் வரிசையாக இருந்தன. அளவுகளில் ஒன்றும் தப்பில்லை என்று பின்னால் பார்த்தவர்கள் அனைவரும் சொன்னார்கள்.

எனக்குச் சிக்கல் வந்தது ஒன்பதாம் பக்கத்தில். அதில் இப்படி மூன்று வரிகள்:

மெயின் பேரிங் – புதுசு
பிக் எண்ட் பேரிங் – புதுசு
போல்ட் – அதே

'அதே' என்றால் என்ன? முந்தைய வரியில் சொன்னதேதான் இதற்கும் என்றால் போல்ட்டும் புதுசு. மளிகைக் கடைச் சிட்டையில் ஒன்றன் கீழ் ஒன்றாக 'அதே' போடுவது அந்தப் பொருளில்தான். இருந்த அதே போல்ட் என்றால் பழசு. ஒரு பொருளில் பட்டறை தப்பித்தது. மற்றதில் மாட்டிக்கொண்டது. தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். சுட்டுப் பெயரைப் பற்றியும் ஏகாரத்தைப் பற்றியும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த 'அதே' எதைச் சுட்டுகிறது என்று அந்தப் படிப்பால் சொல்ல முடியவில்லை.

வக்கீலிடம் இரண்டு பொருளையும் குறிப்பாக எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது பழசு என்ற பொருள். கேட்டதை எழுதித் தருவது மொழிபெயர்ப்பு ஆகாது என்று சொல்லிவிட்டு, மிச்சப் பக்கங்களை மீண்டும் படித்தேன்.

விடை பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'வாட்டர் பம்ப் – அதே' என்று ஒரு வரி. அதற்கு மேல் வரி, 'டைமிங் பெல்ட் – புதுசு'. பட்டறை கொடுத்த உதிரி பாகப் பட்டியலில் டைமிங் பெல்ட்டுக்கு விலை போட்டிருந்தது. வாட்டர் பம்ப்புக்கு இல்லை. இன்னொரு பக்கத்தில் 'கிளட்ச் பிளேட் – புதுசு, பிரஷர் பிளேட் – அதே'. பட்டியலில் கிளட்ச் பிளேட் மட்டுமே இருந்தது. புதிதாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் 'புதுசு' என்றே எழுதும் பழக்கமுள்ளவர் அவர். அவருடைய 'அதே' இருந்ததையே குறித்தது. அப்படியே மொழிபெயர்த்து, அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை அடிக்குறிப்பில் எழுதிக் கொடுத்தேன்.

அப்படியானால் பட்டறை முதலாளி பொய் சொன்னாரா? பின்னால் அவரை நேரில் பார்த்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. எஞ்சினுக்கான 'கிட்' ஒன்று வாங்கியிருந்தார். ராட் போல்ட்டும் அதில் இருக்கும் என்று நினைத்தே அத்தனையும் புதுசு என்று பதில் எழுதியிருக்கிறார். கிட்டில் போல்ட் வரவில்லை. வரவில்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். முதலாளி அவரைக் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

யார் நுகர்வோர்?

இவ்வளவு தெரிந்த பிறகு வழக்குப் போட்டால் வெற்றி நிச்சயம்தானே என்று வாடிக்கையாளர் நினைத்தார். சட்டம் அத்தனை நேரான பாதை அல்ல.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குச் சில வசதிகளைத் தந்தது. எதிராளி கோவையில் இருந்தாலும் தான் வசிக்கும் பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை.

முதல் கேள்வி, இவர் நுகர்வோரா? வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவர் இந்தச் சட்டத்தின் கீழ் வர மாட்டார். பந்தயத்தில் பரிசுப் பணம் உண்டு. காரில் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டலாம். அது வணிகம் என்று எதிர்த் தரப்பு வாதிடலாம். இந்த 'வணிக நோக்கம்' என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் பொருள் சொன்ன வழக்குக்கும் கோவையோடு தொடர்பு உண்டு. சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் தொடங்கப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிர நிறுவனம், கோவையின் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 1990-இல் 21 லட்ச ரூபாய்க்கு சி.என்.சி. கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. இயந்திரம் தாமதமாக வந்தது, அதில் குறைபாடு இருந்தது என்பது புகார். மாநில ஆணையம் ஈடு தரச் சொன்னது. தேசிய ஆணையம், வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்றது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்ஸி, தானே அடிக்கும் டைப்ரைட்டர் என்றால் அவர் நுகர்வோர். பெரிய அளவில் லாபம் ஈட்டுவதற்கென்றால் அல்ல. எது எந்த வகை என்பதை ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு.

நம் அச்சகக்காரர் இதுவரை பந்தயத்தில் ஜெயித்தது ஒரு கோப்பையும் ஒரு டிஃபன் பாக்ஸும். அவர் வணிகர் அல்ல என்று நிரூபிப்பது கடினமாக இருந்திருக்காது.

இரண்டாவது கேள்வி கடினமானது. சேவையில் குறை இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் புகார் கொடுத்தவர். எஞ்சின் உடைந்தது என்பது மட்டும் போதாது. பட்டறையின் வேலையால் உடைந்தது என்று காட்ட வேண்டும். பந்தயத்துக்கு முன் நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனையும் இதற்கு உதவாது. கார் பாதுகாப்பாக இருக்கிறதா, விதிக்கு உட்பட்டதா என்றுதான் அதில் பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் போல்ட் எப்படி இருக்கிறது என்பதற்கு அது நற்சான்று அல்ல.

கியர்பாக்ஸ் விஷயத்தில் சட்டம் பட்டறையின் பக்கமும் கொஞ்சம் சாய்ந்தது. ஒரு பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர், அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு. ஆனால் எந்தப் பொருளில் வேலை செய்தாரோ அந்தப் பொருளைத்தான். எஞ்சின் கூலிக்காக கியர்பாக்ஸைப் பிடித்து வைக்கலாமா? கியர்பாக்ஸில் செய்த வேலைக்குக் கூலி தனியாக இருந்ததா? பில்லில் இரண்டும் பிரித்து எழுதப்படவில்லை. இங்கும் காகிதம் காலை வாரியது.

பிணப் பரிசோதனை

2024 தொடக்கத்தில் இருவரும் ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாளிலிருந்து எஞ்சின்களோடு வாழ்ந்தவர். அவர் முன்னிலையில் எஞ்சினைப் பிரிப்பது. நல்லவேளையாக வாடிக்கையாளர் அதுவரை அதைத் திறக்காமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார். வேறொரு பட்டறையில் கொடுத்துப் பிரித்திருந்தால் அதன் பிறகு யார் எதைச் சொன்னாலும் சந்தேகம்தான்.

பெரியவர் முதலில் மற்ற மூன்று ராடுகளின் பேரிங்கைப் பார்த்தார். எண்ணெய் போகாமல் காய்ந்திருந்தால் எல்லா பேரிங்கிலும் சூட்டின் நீலம் தெரியும். தெரியவில்லை. தூசியோ இரும்புத் துகளோ புகுந்திருந்தால் நெடுக்குக் கீறல் இருக்கும். இல்லை. எண்ணெய் தப்பித்தது. அடுத்து பிஸ்டன் தலைகள். எஞ்சின் அளவு மீறிச் சுழன்றால் வால்வுகள் ஸ்பிரிங்குக்குக் கட்டுப்படாமல் பிஸ்டனில் முட்டக்கூடும். முட்டிய தடம் இல்லை. "தடம் இல்லைங்கறதால கியர் தப்பலைன்னு ஆயிடாது. இருந்திருந்தா தப்புச்சுன்னு சொல்லலாம், அவ்வளவுதான்" என்றார்.

உடைந்த மூன்றாவது ராடின் இரண்டு போல்ட்டுகளும் ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்துக்குப் போயின. சிறுகச் சிறுக விரிசல் விட்டு உடைந்த உலோகத்தின் முகத்தில், அலை வாங்கிய கடற்கரை மணலில் தெரிவது போல வரி வரியாகக் கோடுகள் இருக்கும். ஒரே இழுப்பில் அறுந்தால் அந்த இடம் மெலிந்து நீண்டிருக்கும். ஒரு போல்ட்டின் உடைந்த முகம், எஞ்சினுக்குள் அடிபட்டு முழுக்க நசுங்கிவிட்டது. அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மற்றது மெலிந்து நீண்டிருந்தது. அதாவது முதலில் போனது நசுங்கிய போல்ட்டாக இருக்கலாம். அது போன பின் முழு பாரத்தையும் தாங்கிய இரண்டாவது ஒரே இழுப்பில் அறுந்திருக்கலாம். முதல் போல்ட் ஏன் போனது என்ற கேள்விக்கு ஆய்வகத்திடம் பதில் இல்லை. மற்ற ராடுகளில் இருந்த ஆறு போல்ட்டுகளையும் அளந்தார்கள். இரண்டு, புதிய போல்ட்டைவிட நீண்டிருந்தன.

பட்டறை முதலாளி அந்த அளவைத் தன் மைக்ரோமீட்டரில் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"போல்ட் நீளம் பார்த்தியா?"

"இல்லீங்கண்ணா. கண்ணுல பார்த்தேன், மரை நல்லா இருந்துச்சு. டார்க் ரெஞ்சு வச்சு இறுக்குனேன்."

"புதுசு கேட்டிருக்கலாமில்ல?"

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் பக்கம் பார்த்தார். முதலாளி தன் போனை எடுத்து, பழைய குரல் செய்தி ஒன்றை ஓட விட்டார். 2023 மார்ச்சில் வாடிக்கையாளர் தன் கன்னட வாடைத் தமிழில் அனுப்பியது: "அண்ணா, பட்ஜெட் தாண்டக் கூடாது. நல்லா இருக்கறது எதையும் மாத்த வேண்டாம். இருக்கறதையே போடுங்க."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எட்டு போல்ட்டின் விலை, மொத்தச் செலவில் கண்ணில் படாத தொகை. அதை மாற்ற வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போல்ட் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது. நல்லா இருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டியது பட்டறையின் பொறுப்பு. ஆனால் செலவைக் குறைக்கச் சொன்னவர் அவர்தான் என்பதும் பொய்யில்லை. இதைத்தான் பெரியவர் சொன்னார்: "தம்பி, நீங்க கேட்டது ரேஸ் எஞ்சினு. சொன்ன காசு ரோட்டு எஞ்சினுக்கு. இவரு முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி ஆயிட்டீங்க."

ஒரு தாளில் ஒன்பது வரி

அன்று மாலையே சமரசம் ஆனது. ஆணையத்துக்குப் போயிருந்தாலும் அங்கேயும் சமரசத்துக்கு அனுப்பும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. இவர்கள் வாசலுக்குப் போகாமலே முடித்துக்கொண்டார்கள். பட்டறை 70,000 ரூபாய் பாக்கியை விட்டுக்கொடுத்தது. கியர்பாக்ஸ் திரும்பியது. பழைய பிளாக் ஒன்றை வாடிக்கையாளர் தேடி வாங்கித் தர வேண்டும். உதிரி பாகங்களுக்கு அசல் விலையைத் தர வேண்டும். கூலி வாங்காமல் பட்டறை மீண்டும் எஞ்சின் கட்டித் தரும். தமிழில் ஒன்பது வரி, ஆங்கிலத்தில் ஒன்பது வரி. எழுதியது நான். ஒரு வரியிலும் 'அதே' வராமல் பார்த்துக்கொண்டேன்.

இருவருக்கும் இதில் திருப்தி இல்லை. மேலும் ஒரு லட்சத்துக்கு மேல் செலவு என்று வாடிக்கையாளருக்கு வருத்தம். கியர் தவறியதா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லையே என்று முதலாளிக்கு வருத்தம். அதை வாடிக்கையாளரிடம் நானும் ஒருமுறை தனியாகக் கேட்டேன். "ஞாபகம் இல்லை" என்றார். தவறவில்லை என்று அவர் சொல்லவில்லை.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் விட்டதை நேர் செய்ய ஒரு பக்கம் போதும். எதெல்லாம் புதியது, எதெல்லாம் பழையதையே போடுவது என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடலாம். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லலாம். எஞ்சின் எத்தனை சுற்றுவரை தாங்கும், எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு திரும்பிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கலாம். உடைந்தால், கட்டியவர் வராமல் திறக்கக் கூடாது. எஞ்சின் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்று காரில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: குறைந்த காசுக்கு ஆகாத வேலையை ஆகாது என்று எழுத்தில் சொல்லிவிடுவது, வாடிக்கையாளரை இழப்பதைவிட மலிவு.

2024 ஆகஸ்டில் எஞ்சின் மீண்டும் ஓடியது. பழகுவதற்கான மெதுவான ஓட்டம் முடிந்ததும் பெங்களூர்க்காரர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். கார் அல்ல, மெக்கானிக்கின் நோட்டு. பழைய கையெழுத்து, புதிய பக்கம். முன்பு ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது மூன்று:

ராட் போல்ட் – 8 – புதுசு.
நீளம் பார்த்தது. இறுக்கியது நான்.
ஓனருக்குக் காட்டியாச்சு.

அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று தமிழில், ஒன்று கன்னடத்தில்.